ரெண்டு ஓம் கம்மி

"ஸ்பீக்கர் பொட்டி உளுந்தூர்பேட்டையில மாட்டிக்கினு நிக்குதுடா," என்றார் சுப்புராயன், மருந்துக்கடைப் போனை வைத்துவிட்டு. "லாரிக்கு முன்னாடி ஒரு புளியமரம். திருப்பலாம்னு பாத்தா பின்னாடியும் ஒரு புளியமரம்."

தமிழரசன் நோட்டைத் திறந்து, '1. பெட்டி வராது' என்று எழுதினான். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டான்.

"இதுல இன்னாடா சந்தேகம்? மரம் எழுந்து நின்னுக்குமா?"

"இல்லண்ணே. எதுக்கும் இருக்கட்டும்னு."

அது 1987 செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்தது. அன்று மூன்றாம் நாள், சனிக்கிழமை. சாலையோரம் நின்ற மரங்கள் சாலையில் படுத்திருந்தன. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் நிற்கிற இடத்தில் ஆடுகள் படுத்திருந்தன. கல்யாணங்கள் தள்ளிப்போயின, சந்தை தள்ளிப்போயிற்று. தள்ளிப்போகாதது ஒன்றே ஒன்றுதான். தேன்சிட்டு இன்னிசைக் குழுவின் கச்சேரி, மறுநாள் சாயங்காலம், கல்வராயன் மலைமேல்.

குழுவின் தலைவர், பொருளாளர், கிட்டார் கலைஞர் எல்லாமே சுப்புராயன்தான். மூன்று விரலால் வாசிக்க முடிந்ததெல்லாம் நல்ல பாட்டு, நாலாவது விரல் வேண்டியதெல்லாம் மட்டமான பாட்டு என்பது அவருடைய இசைக் கொள்கை. ஆனால் ஜில்லாவில் வேறு எவரிடமும் இல்லாத ஒரு பொருள் அவரிடம் இருந்தது. பாண்டிச்சேரி ஓட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்தவரிடம் வாங்கிய கிட்டார் ஆம்ப்ளிஃபயர். வால்வு போட்டது. சுவிட்சைத் தட்டினால் உள்ளே வரிசையாக விளக்கேற்றி வைத்த மாதிரி எரியும். "அத்தப் பாக்கவே கூட்டம் வரும்," என்பார் சுப்புராயன். தன் வாசிப்பைக் கேட்க வரும் என்று அவர் சொல்லாமல் விட்டதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

அந்த ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு குணம் உண்டு. முதுகில் மூன்று துளைகள். ஒன்றில் 4 என்றும் அடுத்ததில் 8 என்றும் கடைசியில் 16 என்றும் எழுதியிருக்கும். ஸ்பீக்கர் பெட்டியின் மின்தடை எத்தனை ஓமோ அந்தத் துளையில்தான் சொருக வேண்டும். மாற்றிச் சொருகினால் வால்வு சிவந்து கெடும். பெட்டியே இல்லாமல் சத்தமாக ஓட்டினாலோ உள்ளேயிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகிப்போகும். கருகினால் மாற்ற இந்தப் பக்கத்தில் இன்னொன்று கிடையாது. இதையெல்லாம் தமிழரசன் ரேடியோ ரிப்பேர் மாலை வகுப்பில் படித்து, நோட்டில் மூன்று தடவை எழுதி, மூன்றும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று சரிபார்த்தும் வைத்திருந்தான்.

அவன் வீட்டில் அந்த வகுப்பை யாரும் வகுப்பாகவே நினைக்கவில்லை. சின்னசேலத்தில் மாமா ஆதிமூலத்துக்கு உரக்கடை இருந்தது. யூரியா மூட்டை இறக்கி வைக்கவும் எழுதி வைக்கவும் அவருக்கு ஓர் ஆள் வேண்டும். மறியல் முடிந்த மறுநாள் கிளம்பிவிட வேண்டும் என்று அப்பா முடிவு கட்டியிருந்தார். சுப்புராயன்தான் குறுக்கே வந்து, "இந்த மலைக் கச்சேரி ஒழுங்கா முடியட்டும், பையன நானே குழுவுல வெச்சிக்கறேன்," என்று ஒரு வார்த்தை சொன்னார். தமிழரசனுக்கு உலகத்தில் இருந்த ஒரே கதவு அதுதான். இப்போது அதன் குறுக்கேயும் ஒரு புளியமரம்.

"பச்சமுத்து மைக் செட்டுக் கடையில ரெண்டு பொட்டி வாடகைக்கு வாங்கிக்கலாம்ணே," என்றான். "எட்டு எட்டா ரெண்டு. பக்கம் பக்கமா சேத்தா நாலு ஓம். நாலாம் நம்பர்ல சொருவணும்."

சுப்புராயன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டும் எட்டும் நாலா? இதுக்குத்தான் உங்கப்பன் ரெண்டு வருசமா வகுப்புக்குப் பணம் கட்டினாரா?"

"பேரலல்ல போட்டா கொறையும்ணே. பாதியாவும்."

"எங்க வூட்ல மாட்டுக்குப் பக்கத்துல மாட்டக் கட்டுனா ரெண்டு மாடு. அர மாடு ஆவாது."

தமிழரசனுக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. ஓரமாகப் போய் நோட்டைப் புரட்டினான். பாதிதான். ஆனாலும் மாடு விஷயத்தில் சுப்புராயன் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

பச்சமுத்து கடையிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்தன. இரண்டின் முதுகிலும் '8 ஓம்' என்று வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தது. தமிழரசன் எழுத்தை நம்புகிறவன் இல்லை. மீட்டரை எடுத்து வைத்தான். முள் ஆறேகாலில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். ஆறேகால்.

எட்டு ஓம் பெட்டியை மீட்டரில் பார்த்தால் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அது இயல்பு. நோட்டில் முப்பத்தொன்றாம் பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அதைப் புரட்டிக் கண்டுபிடிப்பதற்குள் சுப்புராயன் முள்ளைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா ஆறு காட்டுது?"

"அது அப்படித்தாண்ணே காட்டும்."

"எட்டுன்னு எழுதிக்குது. ஆறுதான் இருக்குது. ரெண்டு ஓம் கம்மி. பொட்டிக்கு ரெண்டுன்னா ரெண்டு பொட்டிக்கு நாலு ஓம் அடிச்சிட்டான்!"

தமிழரசன் முப்பத்தொன்றாம் பக்கத்தை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். சுப்புராயன் அதற்குள் தெருவைத் தாண்டி, பச்சமுத்து கடைக்குள் நுழைந்து, நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, கலைஞன்னா இளிச்சவாயனா? எட்டுன்னு வாடகைய வாங்கிக்கினு ஆற குடுத்து அனுப்புறியே!"

பச்சமுத்துவுக்குக் கோபம் வந்தது. அவருக்கும் ஓம் என்றால் இன்னதென்று தெரியாது என்பதால் அதிகமாகவே வந்தது. "யோவ், நான் இன்னா ரேசன் கடையா வெச்சிக்கினுருக்கேன், அளவுல அடிக்க? போன வாரம் கூட எட்டு இருந்துச்சு!"

"அப்போ ஒரு வாரத்துல ரெண்டு கரைஞ்சிடுச்சா?"

"மழையில எங்கியாவது கரைஞ்சிருக்கும்!"

தமிழரசன் வாயைத் திறந்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "நீ சும்மா இருடா," என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கடைசியில் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பச்சமுத்து உள்ளே போய், டூரிங் டாக்கீஸ் காலத்து மாட்டுவண்டிப் பெட்டி அளவுக்கு ஒரு ஸ்பீக்கரை இழுத்து வந்தார். "இந்தா, வாடகை இல்லாம எடுத்துக்கினு போ. கம்மியானத இதுல ஈடுகட்டிக்கோ."

சுப்புராயன் வெற்றியோடு திரும்பினார். "பாத்தியா? பேசத் தெரியணும். இப்போ மூணு பொட்டி. மூணையும் சேத்துடு."

"மூணையும் சேத்தா எந்தத் தொளைக்கும் ஒத்துவராதுண்ணே."

"மூணு பொட்டி, மூணு தொள. இதுக்கு மேல இன்னாடா ஒத்துவரணும்?"

தமிழரசன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தந்திரம் செய்தான். "சரிண்ணே," என்றான். பெரிய பெட்டியை மேடையில் வெறுமனே நிறுத்திவிட்டு, அதன் ஒயரை எங்கும் சொருகாமல் விட்டுவிடலாம் என்று முடிவுசெய்தான். நோட்டில் '2. மூன்றாவது பெட்டி: அலங்காரம்' என்று எழுதி, நேர்மையில்லாத காரியம் என்பதால் எழுத்தைச் சின்னதாக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீப்பில் ஜெனரேட்டர், ஆம்ப்ளிஃபயர், மைக், மூன்று பெட்டி, டிரம்ஸ், பாடகர், பாடகி, டிரம்ஸ்காரர் என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் பாதி தூரம் போனதும் வாகைமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. மரத்தின் மேல் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பெயர் வீரமுத்து. தொண்டை கட்டி, பேச்சு காற்றாகத்தான் வந்தது.

"எங்க போறீங்க?"

"மலைக்கு. கச்சேரி," என்றார் சுப்புராயன். "நாங்க கலைஞருங்க. எங்களுக்கும் மறியலுக்கும் சம்மந்தமில்ல."

"கச்சேரியா? நான் ஐ.டி.ஐ. முடிச்சு நாலு வருசம் ஆவுது. வேலை இல்ல. உங்களுக்குக் கச்சேரி கேக்குதா?" என்று சொல்லிக்கொண்டே ஜீப்பை எட்டிப் பார்த்தவர் முகம் மாறியது. "மைக் செட்டா? ஜெனரேட்டரும் இருக்குதா?"

தமிழரசன் முந்திக்கொண்டான். "இது மைக்குக்கு ஆவாதுங்க. கிட்டாருக்கு மட்டும்தான்."

"ஆவும் ஆவும்," என்றார் சுப்புராயன். மரத்தைத் தாண்ட அவருக்கு வழி தெரிந்துவிட்டது. "பத்து நிமிசம் பேசிக்கோங்க. பேசிட்டு மரத்த நகத்தி வுடுங்க."

வீரமுத்து பத்து நிமிடம் பேசவில்லை. இரண்டு மணிநேரம் பேசினார். மூன்று நாளாகத் தொண்டையில் தேங்கியிருந்தது எல்லாம் வெளியே வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அவரோடு சேர்ந்து அந்த மரத்தை வெட்டியவர்கள்தான். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட விஷயத்தை அவர்களுக்குப் புரியவைக்க அவர் மைக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கத்தினார். இரண்டு பெட்டி, நாலு ஓம், நாலாம் நம்பர் துளை. தமிழரசன் பக்கத்தில் உட்கார்ந்து வால்வைத் தொடாமல் சூடு பார்த்துக்கொண்டே இருந்தான். எல்லாம் சரியாக இருந்தது. 'சரியாக இருக்கிறது' என்று அவன் எழுதி முடித்தபோது ஒரு பெட்டிக்குள் 'டப்'பென்று கேட்டது. பிறகு நாய் வாலை மிதித்தது போல் ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் கழித்து அடுத்த பெட்டியும் அதே மரியாதையோடு அடங்கியது.

தமிழரசன் பாய்ந்துபோய் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். பெட்டியின் வலையைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே காகிதம் நடுவாந்தரமாகக் கிழிந்திருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் '15 வாட்' என்று போட்டிருந்தது.

ஆம்ப்ளிஃபயர் ஐம்பது வாட்.

ஓமை மூன்று தடவை சரிபார்த்தவன் வாட்டை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தான். பதினேழாம் பக்கத்தில், வகுப்பில் எழுதிய வரியில், 'வாட்டையும் பார்' என்று அடிக்கோடு போட்டு இருந்தது. தன்னைத் தவிர வேறு யாரையும் நம்பக் கூடாது என்றிருந்தவனுக்கு இப்போது அந்த ஆளையும் நம்ப முடியவில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்றார் சுப்புராயன்.

"பெட்டி தாங்கலண்ணே. என் தப்புதான்."

"தப்பு இன்னா தப்பு? நான்தான் சொன்னேனே, ரெண்டு ஓம் கம்மின்னு. கம்மியா இருந்தா எப்படித் தாங்கும்?"

வீரமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. சொன்ன சொல் தவறாமல் இருபது பேரும் இறங்கி, மரத்தைப் புரட்டி ஜீப்புக்கு வழி விட்டார்கள். "உங்க செட்டு சூப்பருண்ணே," என்று தமிழரசன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜீப் தாண்டியதும் மரத்தை மறுபடியும் புரட்டிப் போட்டார்கள்.

கோமுகி அணையைத் தாண்டி ஜீப் மலை ஏறியது. வெள்ளிமலைக்கும் அந்தப்பக்கம் முப்பது வீடுள்ள சின்ன ஊர். சுற்றிலும் சரிவில் சாமை, கதிர் பிடித்துத் தலைசாய்ந்து நின்றது. அதற்கும் அப்பால் காடு. ஊர்க்காரர்கள் சார்பில் கள்ளக்குறிச்சிக்கு வந்து கச்சேரியைப் பேசி முடித்தவர் கரியன். அவர்தான் எதிரே வந்து வரவேற்றார். தலையில் துண்டு, முகத்தில் அவசரம்.

"வந்துட்டீங்களா பாட்டுக்காரரே! பொழுது சாயறதுக்குள்ள போட்டுடுங்க."

"அவசரப்படக் கூடாது. இது கலை," என்றார் சுப்புராயன். பிறகு தமிழரசனிடம் குரலைத் தாழ்த்தி, "மலைக்காரங்களுக்கு இதெல்லாம் இன்னாடா தெரியும்? ரேடியோவே கேட்டிருக்க மாட்டாங்க. ஒரு கிட்டாரப் பாத்தா வாயப் பொளந்துடுவாங்க," என்றார். என்ன விசேஷம், எந்தச் சாமிக்கு, யாருக்குக் கல்யாணம் என்று அவர் கள்ளக்குறிச்சியிலும் கேட்கவில்லை, இங்கேயும் கேட்கவில்லை. கலைஞன் அதையெல்லாம் கேட்பதில்லை.

கரியன் மூன்று பெட்டிகளையும் சுற்றிச் சுற்றி வந்தார். "சத்தம் ஜாஸ்தி வருங்களா?"

"எட்டு ஒண்ணு, எட்டு ஒண்ணு, பெருசப் பாத்தாலே ஒரு பதினாறு இருக்கும். மொத்தம் முப்பத்திரெண்டு ஓம் கொண்டாந்திருக்கோம்யா!"

"போதுங்களா?" என்றார் கரியன் கவலையாக.

தமிழரசன் பெரிய பெட்டியின் அருகே மீட்டரோடு குந்தியிருந்தான். முள் பதின்மூன்றைக் காட்டியது. அப்படியானால் பதினாறு ஓம். இந்த முறை வாட்டையும் தேடினான். தூசியைத் துடைத்தால் '60 வாட்' என்று பித்தளைத் தகட்டில் இருந்தது. ஓம் பொருந்துகிறது. வாட் தாங்குகிறது. சுப்புராயன் வாயால் சண்டை போட்டு, பச்சமுத்து கோபத்தில் தூக்கிக் கொடுத்த பெட்டிதான் இந்த மூன்றிலும் சரியான பெட்டி. அலங்காரம் என்று எழுதிய வரியை அடித்துவிட்டு அதை மட்டும் பதினாறாம் நம்பர் துளையில் சொருகினான். கிழிந்த இரண்டும் அலங்காரமாயின. கிட்டார் ஒயரைப் போட்டு ஒரு தந்தியைத் தட்டினான். அந்தப் பெட்டியிலிருந்து தேன் சொட்டுகிற மாதிரி ஒரு நாதம் வந்தது. தமிழரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. உரக்கடை தூரத்தில் எங்கோ மங்கிப் போயிற்று.

ஒரே ஒரு குறை. மேடை முழுக்க ஒயர் ஓடியது. பார்க்க அசிங்கமாக இருந்தது. ஒழுங்கானவன் அதை அப்படியே விடுவானா? கிட்டார் ஒயரையும் பெட்டிக்குப் போகிற ஒயரையும் ஒன்றாகச் சேர்த்து, பதினைந்தடி நீளத்துக்கும் அரையடிக்கு ஒரு முடிச்சாகச் சணலால் கட்டினான். தள்ளி நின்று பார்த்தான். மிக அழகாக இருந்தது.

"பொட்டிய அப்படித் திருப்புங்க," என்று வந்து நின்றார் கரியன்.

"எப்படி?"

"சாமக்காட்டுப் பக்கமா. காட்டப் பாத்தாப்புல."

"ஜனங்க இந்தப் பக்கம்தானேய்யா ஒக்காந்திருக்காங்க!"

"அவங்களுக்குக் கேக்கும். நீங்க திருப்புங்க."

சுப்புராயன் சிரித்தார். "விட்றா. சாமி அந்தப் பக்கம் இருக்குது போல. இல்லன்னா அவங்களுக்குப் பொட்டிக்கு எது மூஞ்சி எது முதுகுன்னு தெரியல." பெட்டியைத் திருப்பினார்கள். ஊரே பெட்டிக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்ந்தது. ஆண்களும் பெண்களும் துண்டையும் முந்தானையையும் காதோடு சேர்த்து இறுகக் கட்டியிருந்தார்கள். "குளிருடா," என்று விளக்கம் சொன்னார் சுப்புராயன்.

ஆறு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே கச்சேரி தொடங்கியது. பாடகர் வணக்கம் சொன்னார். சுப்புராயன் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகி, கையை உயர்த்தி, முதல் விரலை வைத்தார்.

'கீ' என்றது பெட்டி.

விரலை எடுத்தார். பெட்டி நிறுத்தவில்லை. அது ஒரு பாட்டில் வரும் சத்தம் இல்லை. ஆயிரம் தகரத்தை ஆயிரம் ஆணியால் ஒரே நேரத்தில் கீறுகிற சத்தம். பாடகி காதைப் பொத்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். ஜீப் டிரைவர் ஜீப்புக்கு அடியில் புகுந்தார்.

தமிழரசன் சத்தத்தைக் குறைத்தான். கீச்சு நின்றது, கிட்டாரும் நின்றது. ஏற்றினான். இரண்டும் வந்தன. ஓம் பார்த்தான், சரி. வாட் பார்த்தான், சரி. துளை பார்த்தான், சரி. ஆம்ப்ளிஃபயரை அணைத்து, வால்வை ஆட்டிப் பார்த்து, மறுபடி போட்டான். 'கீ.' நோட்டில் இருந்த எல்லா வரிக்கும் எதிரே சரி போட்டாயிற்று. தப்பு எங்கே என்று எழுத அதில் இடமே இல்லை.

"ஒயரப் புடுங்குடா!" என்று டிரம்ஸ்காரர் அலறிக்கொண்டு பெட்டியின் ஒயர் மேல் பாய்ந்தார்.

"அய்யோ, அத்தத் தொடாதீங்க! பெட்டி இல்லாம ஓடினா டிரான்ஸ்ஃபார்மர் போயிடும்!" தமிழரசன் ஆம்ப்ளிஃபயரின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். அதற்காக உயிரைக் கொடுக்கவும் தயாராக இருந்தான். டிரம்ஸ்காரர் அவன் காலைப் பிடித்து இழுத்தார். அவன் ஆம்ப்ளிஃபயரோடு சேர்ந்து நகர்ந்தான்.

"குமிழக் கொறச்சுத் தொலைடா!" என்றார் சுப்புராயன்.

தமிழரசன் ஒரு கையை விடுவித்துக் குமிழை எட்டினான். அதற்குள் வேறொரு கை குறுக்கே வந்தது. கரியன்.

"கொறைக்காதீங்க தம்பி! இத்தான் நல்லாருக்குது!"

மேடை அமைதியாயிற்று, பெட்டியைத் தவிர.

"எது?" என்றார் சுப்புராயன்.

"இந்த 'கீ'தான். பாட்டு வேணாங்க. இதையே போடுங்க. இன்னும் ஏத்த முடியுமா?"

பாய்களிலிருந்தும் குரல் வந்தது. "ஏத்துங்க, ஏத்துங்க!" ஒரு கிழவர் எழுந்து நின்று கைதட்டினார்.

சுப்புராயனின் முகம் மெல்ல மலர்ந்தது. பதினெட்டு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறார். 'ஏத்துங்க' என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. 'ஏறக்கட்டுங்க' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவர் குமிழை முழுக்கத் திருகினார். கண்ணை மூடிக்கொண்டார். 'கீ' என்பதற்கு நடுவே தன் மூன்று விரலையும் மேலும் கீழும் ஓட்டினார். அது பெட்டியில் ஏறவே இல்லை. ஆனால் அவர் தலை ஆடிய ஆட்டத்தைப் பார்த்தால் எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்று தோன்றும்.

"ரசனைடா!" என்று தமிழரசன் காதில் கத்தினார். "கீழ இருக்கறவனுங்களுக்கு இன்னா தெரியும்? மலையில இருக்குதுடா ரசனை!"

ஜெனரேட்டரில் டீசல் தீரும் வரை, அதாவது விடியும் வரை, கச்சேரி நடந்தது. அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. முழுக்க ஒரே பாட்டுதான்.

காலையில் தமிழரசன் ஒயரைச் சுருட்ட உட்கார்ந்தான். சணல் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தவன் ஏழாவது முடிச்சில் நின்றான். உள்ளே போகிற கிட்டார் ஒயரும் வெளியே போகிற பெட்டி ஒயரும் பதினைந்தடி ஒட்டிக் கிடந்தால், வெளியே போகிற சத்தம் உள்ளே தாவி, மறுபடி வெளியே வந்து, மறுபடி உள்ளே தாவி... நோட்டை எடுத்தான். இருபத்திரண்டாம் பக்கம். 'இரண்டையும் சேர்த்துக் கட்டக் கூடாது.' அவன் கையெழுத்துதான். மிக அழகாக எழுதியிருந்தான்.

உண்மையை மறைக்க அவனுக்குத் தெரியாது. மூன்றாவது பெட்டி விஷயத்தில் ஒரு தடவை மறைத்ததே அதிகம். நேராகப் போய்ச் சொன்னான். "அண்ணே, ராத்திரி முழுக்கக் கத்தினது என் கோளாறுதான். ஒயரச் சேத்துக் கட்டிட்டேன்."

சுப்புராயன் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். நிதானமாகத் துப்பினார்.

"தெரியும்டா. கோளாறு உன்னுது. அத்தக் கச்சேரியா மாத்துனது யாரு? இந்த விரலு. வேற எவனாவது வாசிச்சிருந்தா கல்ல வுட்டு அடிச்சிருப்பானுங்க." சுற்றியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பாடகர், பாடகி, டிரம்ஸ்காரர் மூவருக்கும் காது இன்னும் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். "எனக்கு ஆம்ப்ளி பாக்க ஆளே தேவையில்லன்னு நேத்துதான் தெரிஞ்சிது. நீ மறியல் முடிஞ்சதும் உங்க மாமன் கடைக்குப் போயிடு. உங்கப்பன் கிட்ட நானே சொல்லிடறேன்."

தமிழரசன் நோட்டை மூடினான். கேள்விக்குறி போட இடமில்லாத ஒரு முடிவு அவன் வாழ்க்கையில் அதுதான் முதல். சின்னசேலம் உரக்கடையின் வாசனை அங்கேயே அடித்தது.

சரிவுக்குக் கீழேயிருந்து கரியனின் மனைவி ஆயம்மாள் ஏறி வந்தாள். பொழுது விடிந்ததும் ஊர் நிலம் முழுக்க ஒரு சுற்று நடந்துவிட்டு வருகிறாள். சேலை முழங்கால் வரை பனியில் நனைந்திருந்தது. காதில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, உள்ளேயிருந்து இரண்டு உருண்டைப் பஞ்சை எடுத்து எறிந்தாள். ஆம்ப்ளிஃபயரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்த தமிழரசனைப் பார்த்துச் சிரித்தாள்.

சுப்புராயன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "இன்னாம்மா, திருப்திதானே? அடுத்த வருசத்துக்கு இப்பவே சொல்லி வெச்சிடுங்க. எங்களுக்கு நெறைய ஊர்ல கேக்கறாங்க."

ஆயம்மாள் சரிவில் அசையாமல் நின்ற சாமைக் கதிர்களை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"காட்டுப்பன்னி ஒண்ணுகூட எறங்கலீங்க. அடுத்த வருசம் பாட்டுக்காரங்க வேணாம், பொட்டியக் கத்த வெச்சுதே, அந்தத் தம்பி மட்டும் அறுப்பு முடியற மட்டும் வந்து இருக்கட்டும்."